வருகை தந்தோர் எட்டுப் பேர்

மாளவிகா: அந்த ஓரத்து சேர்தானே அவரோடது?

ரத்தினபாய்: எவரோடது டாக்டர்?

மாளவிகா: அதான்... ஷ்யாம். டாக்டர் ஷ்யாம்சுந்தர். ஒரு தடவை மினிட்ஸ்ல போட்டிருந்தீங்களே, ஃபேன் காத்து நேரா முகத்துல அடிக்குதுன்னு ஜன்னல் பக்கம் மாறி உக்காந்தார்னு.

ரத்தினபாய்: ஆமா... அந்தப் பக்கம்தான்னு வச்சுக்கோங்களேன்.

மாளவிகா: வச்சுக்கவா?

ரத்தினபாய்: இல்ல, இந்த சேருங்க ஒரு இடத்துல இருக்கிறதில்ல. கீழ ஸ்கேன் சென்டர்ல கூட்டம் ஜாஸ்தியானா ரெண்டு மூணு எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஏசி போடவா?

மாளவிகா: வேணாம். மணி என்ன ஆச்சு?

ரத்தினபாய்: ஆறு பத்து.

மாளவிகா: நோட்டீஸ்ல ஆறுதானே?

ரத்தினபாய்: ஆறுதான். ஞாயித்துக்கிழமை பாருங்க... கேம்ப் ரோடு சிக்னல்ல மாட்டினா அரை மணி நேரம் போயிடும்.

மாளவிகா: எட்டு பேருமா மாட்டுவாங்க? சும்மா சொன்னேன். எனக்கே படபடப்பா இருக்கு ரத்தினபாய், அதான் உளர்றேன். நாலு வருஷமா கமிட்டில பேரு மட்டும் இருந்தது, ஒரு மீட்டிங்குக்குக்கூட வரல. இன்னிக்கு நேரா சேர்மனா வந்து உக்காந்தா, மத்தவங்க என்ன நினைப்பாங்க?

ரத்தினபாய்: என்ன நினைப்பாங்க? சந்தோஷப்படுவாங்க. தென்புறநகர் மருத்துவர் சங்கத்தோட அகாடமிக்கு மொத மொத ஒரு லேடி சேர்மன். சும்மாவா? நானூறு டாக்டருங்க இங்க நடக்கிற கிளாஸ்ல உக்காந்து பாயிண்ட் வாங்கினாத்தான் அவங்களுக்கு டாக்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ரின்யூவல் ஆகும்.

மாளவிகா: அதுலயும் என்னை முன்மொழிஞ்சது ஷ்யாம்னு படிச்சப்போ...

ரத்தினபாய்: டாக்டர், இந்த ஆண்டறிக்கையை ஒரு தடவை பாத்துடுறீங்களா? கடைசிப் பக்கத்துல உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாளைக்கு அனுப்பியாகணும்.

மாளவிகா: பாக்குறேன். எல்லாரும் வரட்டும். அவங்க முன்னாடி போட்டாத்தானே மரியாதை?

ரத்தினபாய்: அதுக்கென்ன, முன்னாடியே போட்டுட்டா ஒரு வேலை முடிஞ்சது...

மாளவிகா: வாஜித் சார் இன்னிக்கும் பாடுவாரா?

ரத்தினபாய்: என்னது?

மாளவிகா: போன வருஷம் ஆகஸ்ட் மினிட்ஸ். 'அலுவல்கள் விரைவில் முடிந்தமையால் டாக்டர் வாஜித் ஒரு பாடல் பாடினார். உறுப்பினர்கள் மேலும் ஒன்று கேட்டனர்.' அதைப் படிச்சிட்டு சிரிச்சேன். அப்புறம் அழுதேன், சொன்னா நம்ப மாட்டீங்க.

ரத்தினபாய்: டாக்டர்... நீங்க மினிட்ஸ் எல்லாம் படிப்பீங்களா?

மாளவிகா: படிக்காம? நீங்கதானே மெயில் அனுப்புறீங்க. 'திருத்தம் இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்'னு.

ரத்தினபாய்: முழுசாவா படிப்பீங்க?

மாளவிகா: ரெண்டு தடவை படிப்பேன். வீட்டுல வேற என்ன இருக்கு? ராஜகீழ்ப்பாக்கத்துல மூணு ரூம் வீடு, நான் ஒருத்தி. மினிட்ஸ் வந்த அன்னிக்குத்தான் வீட்டுல நாலு பேர் பேசற மாதிரி இருக்கும். நீங்க எழுதறதும் அப்படி. யார் கோவப்பட்டாங்க, யார் சமாதானம் பண்ணாங்க, மிக்சர்ல காரம் ஜாஸ்தின்னு யார் சொன்னாங்க... வேற எந்த சங்கத்துலயும் இப்படி எழுத மாட்டாங்க. ஏன், முகமே மாறிடுச்சு?

ரத்தினபாய்: ஒண்ணுமில்ல. காலைல சர்ச்சுக்குப் போயிட்டு அப்படியே வந்துட்டேன், சரியா சாப்பிடல.

மாளவிகா: ஆறு இருபத்தஞ்சு. இருங்க, சூர்யநாராயணன் சாருக்கு ஒரு போன் போடுறேன்.

ரத்தினபாய்: வேணாம் டாக்டர்!

மாளவிகா: ஏன்?

ரத்தினபாய்: வண்டி ஓட்டிட்டு இருப்பார்.

மாளவிகா: எழுபத்திரெண்டு வயசுல அவரா ஓட்டுவார்? ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் பேசுங்க.

ரத்தினபாய்: டாக்டர், தயவுசெஞ்சு... ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க...

மாளவிகா: ரிங் போகுது. ஹலோ, சார்? மாளவிகா பேசறேன்.

சூர்யநாராயணன்: யாரு? மாளவிகாவா! குழந்தைங்க டாக்டர் மாளவிகா? என்னம்மா, அதிசயமா இருக்கு. எத்தனை வருஷம் ஆச்சு!

மாளவிகா: கிளம்பிட்டீங்களா சார்? நாங்க ஹால்ல காத்துட்டிருக்கோம்.

சூர்யநாராயணன்: எங்க கிளம்பணும்?

மாளவிகா: மீட்டிங்குக்கு சார். அகாடமி மீட்டிங்.

சூர்யநாராயணன்: அது இன்னும் நடக்கறதா?

மாளவிகா: விளையாடாதீங்க சார். போன மீட்டிங்ல டெங்கு கிளாஸை முதல்ல வைக்கணுமா, பாம்புக்கடி கிளாஸை வைக்கணுமான்னு நீங்களும் வாஜித் சாரும் அரை மணி நேரம் சண்டை போட்டீங்களே.

சூர்யநாராயணன்: நானா? வாஜித்தோடயா? அம்மா, நான் தாம்பரம் பக்கம் வந்தே அஞ்சு வருஷம் ஆகப்போறது. முட்டி ஆபரேஷன் ஆனதுலேருந்து நாவலூர்ல பையன் பிளாட்லதான். பன்னெண்டாவது மாடி. அவனும் மருமகளும் ஆபீஸ் போனா, நானும் டிவியும். கீழ பார்க் வரைக்கும் போறதே எனக்கு வெளியூர் போற மாதிரி.

மாளவிகா: அப்போ... சேர்மன் பொறுப்பை விட்டப்போ நீங்க பேசினது?

சூர்யநாராயணன்: விட்டுட்டேனா? நான்தானே சேர்மன்? இல்லையா? எப்போ விட்டேன்?

மாளவிகா: ஜனவரில சார். மினிட்ஸ் என் கையிலதான் இருக்கு.

சூர்யநாராயணன்: அந்த மெயில் எல்லாம் வரும், தெரியும். திறக்கிறதில்ல. கண்ணு வேற... என்ன பேசியிருக்கேன்? படியேன்.

மாளவிகா: இப்பவா?

சூர்யநாராயணன்: படிம்மா.

மாளவிகா: 'ஆறு ஆண்டுகள் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைசி வரிசையில் தூங்குகிற டாக்டர்களை யாரும் திட்டாதீர்கள். அவர்கள் டியூட்டி முடித்துவிட்டு நேராக வருகிறவர்கள். கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். எனக்கு ஒரு காலத்தில் ஒருவர் அப்படி உட்கார்ந்தார். இவ்வாறு கூறி டாக்டர் சூர்யநாராயணன் விடைபெற்றார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினர்.'

சூர்யநாராயணன்: எழுந்து நின்னாளா?

மாளவிகா: அப்படித்தான் போட்டிருக்கு சார்.

சூர்யநாராயணன்: எல்லாருமா?

மாளவிகா: ...ம்.

சூர்யநாராயணன்: நன்னாத்தான் பேசியிருக்கேன். நெசமா விட்டிருந்தா, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கியிருப்பேன். யார் எழுதினதும்மா இது?

மாளவிகா: சார், ஷ்யாமாவது மீட்டிங்குக்கு வருவாரா? உங்களுக்குத் தெரியுமா?

சூர்யநாராயணன்: ஷ்யாமா? அவன் மஸ்கட் போய் ரெண்டு வருஷம் ஆச்சே. போன தீபாவளிக்குக்கூட அங்கேருந்து வாழ்த்து அனுப்பியிருந்தான்... ஏம்மா, உனக்குத் தெரியாதா?

மாளவிகா: ...

சூர்யநாராயணன்: மாளவிகா? லைன்ல இருக்கியா?

மாளவிகா: இருக்கேன் சார். அப்புறமா கூப்பிடுறேன்.

சூர்யநாராயணன்: கண்டிப்பா கூப்பிடு. நான் வேற மீட்டிங்ல என்ன எல்லாம் பேசியிருக்கேன்னும் படிச்சுக் காட்டு. எனக்கு நேரம் இருக்கு, எப்ப வேணா கூப்பிடு.

மாளவிகா: சரி சார். வச்சுடுறேன்... ரத்தினபாய்.

ரத்தினபாய்: சொல்லுங்க டாக்டர்.

மாளவிகா: இன்னிக்கு யாரும் வரப்போறதில்ல. இல்லையா?

ரத்தினபாய்: இல்ல.

மாளவிகா: போன தடவை?

ரத்தினபாய்: யாரும் வரல.

மாளவிகா: அதுக்கு முன்னாடி?

ரத்தினபாய்: கேக்காதீங்க டாக்டர்.

மாளவிகா: கேக்காம? 'வருகை தந்தோர் எட்டுப் பேர்.' ஒவ்வொரு மினிட்ஸ்லயும் முதல் வரி இதுதான். எத்தனை கூட்டம்?

ரத்தினபாய்: பதினேழு.

மாளவிகா: பதினேழும் நீங்களே எழுதினதா?

ரத்தினபாய்: நானே.

மாளவிகா: ஏன் ரத்தினபாய்? இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. ரூல்ஸ் பேசுறதுல உங்களை மிஞ்ச ஆள் கிடையாதுன்னு சொல்லுவாங்க.

ரத்தினபாய்: ரூல்ஸாலதான் எழுதினேன். நம்ம பைலா படிச்சிருக்கீங்களா? ஒம்போது பேர்ல அஞ்சு பேர் வந்தாத்தான் கோரம். தொடர்ந்து மூணு கூட்டம் கோரம் இல்லாமப் போனா அகாடமி தானா கலைஞ்சுடும். கிளாஸ் நடத்துற அங்கீகாரம் போயிடும். கொரோனா சமயத்துல ரெண்டு கூட்டம் அப்படியே போச்சு. மூணாவதுக்கு எல்லாருக்கும் போன் பண்ணேன். வர்றேன்னு சொன்னாங்க. இதோ இந்த சேர்லதான் உக்காந்திருந்தேன். ஏழரை வரைக்கும்.

மாளவிகா: ஒருத்தரும் வரல.

ரத்தினபாய்: ஒருத்தரும் வரல. வீட்டுக்குப் போற வழியெல்லாம் யோசிச்சேன். மறுநாள் வந்து ஒரு பக்கம் எழுதினேன். ஒரே ஒரு பக்கம்தான். 'கூட்டம் நடைபெற்றது, வகுப்புகள் அங்கீகரிக்கப்பட்டன.' மெயில்ல அனுப்பிட்டேன். யாராவது போன் பண்ணி, 'நான் வரவே இல்லையே, என் பேரை ஏன் போட்டீங்க'ன்னு கேப்பாங்கன்னு பதினஞ்சு நாளும் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

மாளவிகா: கேக்கலையா?

ரத்தினபாய்: ஒருத்தர்கூட கேக்கல. எல்லாரும் மத்தவங்க போயிருப்பாங்கன்னு நினைச்சாங்களோ, இல்ல மெயிலே திறக்கலையோ. அடுத்த தடவை ரெண்டு பக்கம் எழுதினேன். அப்புறம்... கூட்டத்து அன்னிக்கு வழக்கம்போல எல்லாருக்கும் டீ சொல்லிட்டு, ஹால்ல தனியா உக்காந்து எழுதுறப்போ, இவர் இருந்தா இப்படிப் பேசுவார், அவர் குறுக்க இப்படி வெட்டுவார்னு தானா வர ஆரம்பிச்சது. பழைய நாள்ல அவங்க எல்லாரும் இங்க பேசுறதை வருஷக்கணக்கா கேட்டவதானே நான்.

மாளவிகா: வாஜித் சார் பாடினது?

ரத்தினபாய்: அது யாராவது படிக்கிறாங்களான்னு பாக்க வேணும்னே போட்டது. அவர் பாடி நான் கேட்டதே இல்ல.

மாளவிகா: நான் நம்பினேன்! எட்டு பேர் இங்க பாட்டும் சிரிப்புமா உக்காந்திருக்காங்க, நாம மட்டும்தான் வெளியில இருக்கோம்னு நினைச்சேன். நாலு வருஷம்!

ரத்தினபாய்: நீங்க படிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது டாக்டர். சத்தியமா தெரியாது.

மாளவிகா: அப்ப கிளாஸ் எல்லாம்? அதுவும் கதைதானா?

ரத்தினபாய்: ஐயோ, இல்ல! கிளாஸ் எல்லாம் நடந்தது. அதுல ஒரு துளி பொய் கிடையாது. பேசற டாக்டருங்களைத் தேடிப் பிடிச்சேன், லிங்க் அனுப்பினேன், யார் எவ்வளவு நேரம் இருந்தாங்கன்னு பாத்துத்தான் பாயிண்ட் போட்டேன். பாதியில போனவங்களுக்கு ஒண்ணுகூடப் போட்டதில்ல.

மாளவிகா: எந்தக் கிளாஸ் நடத்தறதுன்னு யார் முடிவு பண்ணது? அதுவும் நீங்களா?

ரத்தினபாய்: வேற யாரு இருக்கா? பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போவேன். யாருக்கு என்ன காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்கன்னு ஜனங்க பேசிக்கிட்டே காய் வாங்குவாங்க. அதைக் கேட்டுட்டு வந்து, டாக்டர் வாஜித் யோசனை சொன்னார்னு எழுதுவேன்.

மாளவிகா: கெட்ட செய்தியை வீட்டுக்காரங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு கிளாஸ் வந்ததே. அதுவும் வாஜித் சார் யோசனைன்னுதான் இருந்தது. அதுல நான் இருந்தேன். எனக்கு இத்தனை வருஷத்துல யாரும் சொல்லிக் கொடுக்காத விஷயம் அது. இப்பவும் ஒரு அம்மாகிட்ட பேசுறதுக்கு முன்னாடி போனை ஆஃப் பண்ணிட்டு, உக்காந்துதான் பேசுவேன்.

ரத்தினபாய்: அது எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இறந்தப்போ வந்த யோசனை. சின்ன வயசு டாக்டர் ஒருத்தர். வெளிய வந்து, செல்லைப் பாத்துக்கிட்டே, 'முடிஞ்சு போச்சும்மா, ஃபார்மாலிட்டிய பாருங்க'ன்னு சொல்லிட்டு நடந்துட்டே இருந்தார். நான் அவர் பின்னாடியே ஓடினேன், எது முடிஞ்சது, எது முடிஞ்சதுன்னு. அந்தத் தம்பி மேல எனக்குக் கோவமில்ல. யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கணும். சொல்லிக் கொடுக்கிற இடம்தானே இது?

மாளவிகா: அந்த மினிட்ஸ் எனக்கு ஞாபகம் இருக்கு. 'அலுவலக மேலாளர் திருமதி ரத்தினபாயின் கணவர் திரு. ஜோஷ்வா மறைவுக்குக் குழு தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது. உறுப்பினர்கள் இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தனர்.'

ரத்தினபாய்: ஆமா.

மாளவிகா: அதையும் நீங்களேதான்...

ரத்தினபாய்: நானேதான். ஆனா சும்மா எழுதல டாக்டர். ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னேன். அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பாத்து. நின்னுட்டுத்தான் எழுதினேன்.

மாளவிகா: இந்த ஹால்ல. தனியா.

ரத்தினபாய்: யாராவது நிக்கணும்ல? மனுஷன் இத்தனை வருஷம் மீட்டிங் முடியுற வரைக்கும் கீழ வண்டியோட நின்னு என்னைக் கூட்டிட்டுப் போனவர்.

மாளவிகா: அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணணும்னு கையில எடுத்தேன் ரத்தினபாய். அப்புறம் நினைச்சேன்... எட்டு பேர் எழுந்து நின்னிருக்காங்க, ஆறுதல் சொல்லியிருக்காங்க. இதுல நான் ஒருத்தி சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு வச்சுட்டேன்.

ரத்தினபாய்: பரவால்ல டாக்டர்.

மாளவிகா: பரவால்லையா? எத்தனை பேர் விசாரிச்சாங்க உங்களை?

ரத்தினபாய்: கீழ ஸ்கேன் சென்டர் வாட்ச்மேன் கேட்டார். சர்ச்ல கேட்டாங்க.

மாளவிகா: இங்கேருந்து?

ரத்தினபாய்: ...விடுங்க.

மாளவிகா: இன்னொண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லணும் நீங்க.

ரத்தினபாய்: இனிமே மறைக்க என்ன இருக்கு?

மாளவிகா: ஷ்யாம். ஒவ்வொரு மினிட்ஸ்லயும் ஒரு வரி வரும். 'டாக்டர் மாளவிகா ஏன் வரவில்லை என்று டாக்டர் ஷ்யாம்சுந்தர் விசாரித்தார்.' ஒரு தடவைகூட விட்டுப் போகல. அது?

ரத்தினபாய்: டாக்டர்...

மாளவிகா: மஸ்கட்லேருந்து விசாரிச்சாரா?

ரத்தினபாய்: நீங்க வரலைங்கிறது மட்டும்தான் அதுல நெசம். ஒருத்தங்க வரலைன்னா யாராவது ஏன்னு கேக்கணும் இல்லையா? சபைன்னா அப்படித்தானே. யார் கேட்டதா போடலாம்னு யோசிச்சேன். புருஷன் பொண்டாட்டி நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு இருக்கீங்கன்னு அட்ரஸ் மாத்தச் சொன்னப்பவே தெரியும். ஆனா முன்ன எல்லாம் மீட்டிங்ல நீங்க கொஞ்சம் லேட்டானா அவர் கண்ணு வாசல்லயேதான் இருக்கும். அதை நான் பாத்திருக்கேன். அந்தப் பழைய ஷ்யாம்சுந்தர் டாக்டரைத்தான் எழுதினேன்.

மாளவிகா: என்னை முன்மொழிஞ்சதும் அந்தப் பழைய ஷ்யாம்தானா?

ரத்தினபாய்: ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும். யார் சொன்னா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு பாத்தேன்.

மாளவிகா: சந்தோஷமாத்தான் இருந்தது. லெட்டரை வாங்கிட்டு ரெண்டு நாள் என்ன பண்றதுன்னே தெரியல. இன்னிக்கு இந்தப் புடவையைத் தேடி எடுத்து, இஸ்திரி போட்டு... நேரா பாத்தா முதல்ல நான் பேசணுமா, அவர் பேசட்டுமா, அப்படியெல்லாம் யோசிச்சுட்டு வந்தேன். நாட்டுலயே இல்லாத மனுஷனுக்காக.

ரத்தினபாய்: அடிக்கணும்னு தோணுச்சுன்னா அடிச்சுடுங்க டாக்டர்.

மாளவிகா: நீங்க எழுதுன எல்லாத்துலயும் இதுதான் பெரிய பொய், தெரியுமா? அங்கீகாரம், கோரம் எல்லாம் அப்புறம்.

ரத்தினபாய்: தெரியுது. இப்பத்தான் தெரியுது. காயிதத்துல எழுதுறப்போ யாருக்கும் வலிக்காதுன்னு நினைச்சுட்டேன். தண்ணி குடிக்கிறீங்களா?

மாளவிகா: குடுங்க.

ரத்தினபாய்: மெதுவா... அந்த அறிக்கையை உள்ள வச்சுடட்டுமா?

மாளவிகா: வைக்காதீங்க. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். 'இவ்வாண்டு நான்கு கூட்டங்கள், சராசரி வருகை எட்டு.' இதுக்குக் கீழ என் பேர் வராது.

ரத்தினபாய்: சரி டாக்டர்.

மாளவிகா: புது நோட்டு இருக்கா? இன்னிக்கு மினிட்ஸ் எழுதுங்க. நான் சொல்றேன்.

ரத்தினபாய்: சொல்லுங்க.

மாளவிகா: 'கூட்டத்துக்கு வந்தவர் ஒருவர். கோரம் இல்லை. கூட்டம் நடைபெறவில்லை.' எழுதிட்டீங்களா? 'இதற்கு முந்தைய பதினேழு கூட்டங்களும் நடைபெறவில்லை. ஜனவரியில் சேர்மன் தேர்தல் நடைபெறவில்லை. ஆகவே டாக்டர் மாளவிகா சேர்மன் அல்ல.'

ரத்தினபாய்: 'அல்ல'ன்னு எழுதணுமா?

மாளவிகா: எழுதுங்க.

ரத்தினபாய்: இதை அனுப்பினா அகாடமி போயிடும்.

மாளவிகா: போகலாம். சங்கத்துப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி நாளைக்கே எழுதுறேன். நேர்ல நின்னு கேப்பேன். நானூறு பேர் கிளாஸுக்கு வர்றாங்க, அதை நடத்த உங்கள்ல அஞ்சு பேர் கிடைக்க மாட்டாங்களான்னு. கிடைச்சா இருக்கட்டும். கிடைக்கலைன்னா இழுத்து மூடட்டும்.

ரத்தினபாய்: என் வேலை?

மாளவிகா: தெரியல ரத்தினபாய். பொய் சொல்ல மாட்டேன். உங்களை விட்டுடுங்கன்னு நான் கேக்கலாம், அவங்க விடாமப் போகலாம். சூர்யநாராயணன் சார் கையெழுத்து எல்லாத்துலயும் இருக்கு...

ரத்தினபாய்: சர்ட்டிபிகேட்ல போட ஸ்கேன் பண்ணிக் குடுத்தது. அதை எடுத்துத்தான் ஒட்டினேன்.

மாளவிகா: அதுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?

ரத்தினபாய்: தப்புன்னுதான். வேற என்ன பதில் இருக்கு?

மாளவிகா: ஒண்ணு மட்டும் நிச்சயம். நாலு வருஷம் இந்த அகாடமியை நடத்தினது யாருன்னு அந்தக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுவேன். அந்தக் கெட்ட செய்தி கிளாஸ் யார் யோசனைன்னும் சொல்லுவேன். அதுக்கப்புறம் அவங்க இஷ்டம்.

ரத்தினபாய்: எனக்கு அது போதும்னு சொன்னா பெருந்தன்மை மாதிரி இருக்கும். போதாது டாக்டர், பயமா இருக்கு. வீட்டுல போய் உக்காந்தா எனக்கு யாரு? ஆனா எழுதி எழுதி எனக்கும் முடியல. யாராவது படி ஏறி வந்து, ரத்தினபாய் போதும், நிறுத்துன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்தது.

மாளவிகா: அதுக்குத்தான் என்னைச் சேர்மன் ஆக்கினீங்களா?

ரத்தினபாய்: ஒரு வகையில அதுக்குத்தான்.

மாளவிகா: ஒம்போது பேர்ல என்னை ஏன்? சீனியாரிட்டி பாத்தா வாஜித் சார்தான். பேர் போட்டா அவர் பாட்டுக்குக் கண்டுக்காம இருந்திருப்பார், நீங்களும் எழுதிட்டே இருந்திருக்கலாம்.

ரத்தினபாய்: ஒம்போது பேருக்கும் நோட்டீஸ் போகும். எட்டு பேர்கிட்டேருந்து ஒரு சத்தமும் இருக்காது. சரியா ஆறு மணிக்கு உங்க போன் ஒண்ணு மட்டும் வரும். 'ரத்தினபாய், கிளினிக்ல ஒரு எமர்ஜென்சி, இன்னிக்கு வர முடியல, எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க'ன்னு. மொத மினிட்ஸ் போனதுக்கு அப்புறம் ஒரு தடவைகூடத் தவறினதில்ல. வர முடியாதுன்னு சொல்றதுக்காவது ஒருத்தங்க இருக்காங்களேன்னு எனக்கு அவ்வளவு தெம்பா இருக்கும். அழுற குழந்தைங்களை வச்சுக்கிட்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல, நமக்காக ஒரு நிமிஷம் ஒதுக்கிப் பேசுறாங்களேன்னு...

மாளவிகா: ஞாயித்துக்கிழமை கிளினிக் கிடையாது ரத்தினபாய்.

ரத்தினபாய்: என்னது?

மாளவிகா: கீழ கேட்டுக்கு வெளிய நின்னுட்டுத்தான் பேசுவேன். அவர் என்னை விசாரிச்சார்னு படிச்சுட்டு ஒவ்வொரு தடவையும் கிளம்பி வந்துடுவேன். இந்த ஜன்னல்ல லைட் எரியும். ஸ்கேன் சென்டர் வாசல் பூரா காரா நிக்கும். டீக்கடை குப்பன் தட்டுல ஒம்போது டீ வச்சு எடுத்துட்டு மேல ஏறுவார்... ஒண்ணு எனக்கும் சேத்துதான் சொல்லியிருக்கீங்கன்னு தெரியும். அத்தனை பேரும் வந்து உக்காந்திருக்காங்க, இதுல நான் எப்படித் தனியா உள்ள நுழையறதுன்னு, எமர்ஜென்சின்னு உங்களுக்கு ஒரு போனைப் போட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிடுவேன்.